தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்த நம் பெண்கள்

பொன்விழா மலருக்கு நம் சமூகத்தின் வியாபார வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் வரலாறு படித்தவன் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் சரக்குப் போக்குவரத்து நிர்வாகத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு, குடும்பத்தின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆனாலும் சங்க அலமாரியிலிருந்து வெள்ளிவிழா மலரை எடுத்துப் புரட்டியபோது எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. அதில் நம்மவர்களின் தொழில்களைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று இருக்கிறது. துறைமுக வேலை, நாணய மாற்று, பத்திரிகை விற்பனை, ஜவுளி, உணவுக்கடை, மளிகை என எல்லாமே வந்திருக்கின்றன. பெரியவர்களின் படங்களும் உண்டு. பெண்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் சமையல் குறிப்புகள் மட்டும் இருந்தன.

அந்தக் குறிப்புகளில் மசாலா என்ற சொல் வரும் இடமெல்லாம் எனக்கு என் நன்னியின் நினைவு வந்தது. அத்தாவின் தாயார். அவர் மசாலா அரைத்து விற்றவர். அவர் மட்டுமல்ல, தஞ்சோங் பகாரில் நம் பெண்கள் பலர் அரைத்தார்கள். அந்தத் தொழிலைப் பற்றி நம் மலர்களில் இதுவரை ஒரு பத்திகூட வந்ததில்லை.

பெரியத்தாவிடம் இதை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளை சம்பாதிச்சதில் சாப்பிட்டோம்னு ஊருக்குச் சொல்லப் போறியா?" என்றார். எழுபது வயதைத் தாண்டியவர், நான் மதிப்பவர். இரண்டு வாரம் கழித்துச் சம்மதித்தார், குடும்பத்தில் யார் பெயரையும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஏன் இந்த வரலாறு எழுதப்படவில்லை என்பதற்கு அவர் முதலில் சொன்ன பதிலே போதும் என்று நினைக்கிறேன்.

குடும்பத்தோடு வந்தவர்கள்

சிங்கப்பூருக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே மாதிரி வந்தவர்கள் அல்லர். கீழக்கரை, நாகூர், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள், அல்லது வணிகர்களிடம் வேலைக்கு வந்தவர்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பல் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். கடையநல்லூர், தென்காசிப் பகுதி மக்களின் கதை வேறு. அவர்கள் நெசவாளர்கள். ஆலைத்துணி வந்து கைத்தறியின் வாழ்வைக் கெடுத்தபின் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள். திரும்பிப் போய் உட்கார ஊரில் கடையும் இல்லை, நிலமும் இல்லை. அதனால் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டே வந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் அவர்களின் பேட்டையாயிற்று. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அந்த அமைப்பு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982 வரை அந்தப் பள்ளி நடந்தது. நம் சங்க உறுப்பினர்களின் குடும்பங்களில் அங்கே படித்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

என் நன்னி போருக்குப் பிறகு 'ரஜூலா' கப்பலில் வந்தவர். அப்போது திருமணமாகி ஓராண்டு. கப்பலில் ஏறும்போது கையில் ஒரு தகரப் பெட்டியும் ஓலைப் பெட்டியில் கொஞ்சம் கருப்பட்டியும் இருந்ததாகச் சொல்வார். வந்து இறங்கிய வீடு, மேல்மாடியில் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த ஓர் அறை. அதே மாடியில் ஆறு குடும்பங்கள், ஒரே அடுப்படி, ஒரே கழிவறை. நன்னாவுக்குக் கூலி வேலை. கூலியில் வாடகை போக மிஞ்சியது அரிசிக்குச் சரியாக இருக்கும். மீனுக்கு இருக்காது.

அடுத்த அறைப் பெண் ஏற்கெனவே அரைத்துக்கொண்டிருந்தார். நன்னி அவரிடம் தொழில் கற்றார்.

அரைப்பு

இன்று பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டுகிறோம். அன்று சிங்கப்பூரில் கறி சமைத்த வீடுகளில், மலாய்க்காரர், பெரானாக்கான், நம்மவர் யாராக இருந்தாலும், அரைத்த ஈர மசாலாதான் வேண்டும். மலாய்க்காரர்கள் ரெம்பா என்பார்கள். வீட்டில் அரைக்க நேரம் இல்லாதவர்களும், வேலைக்குப் போகும் பெண்களும், வெளிநாட்டவர் வீடுகளில் சமைத்தவர்களும் சந்தையில் வாங்குவார்கள்.

முதல் நாள் மாலையே வேலை தொடங்கும். மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளி, விதையில் பாதியை உதறி ஊறப்போட வேண்டும். மல்லியைக் கல் பொறுக்கிக் கழுவிக் காயவைக்க வேண்டும். சீரகம், சோம்பு, மஞ்சள், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் தனித்தனி. அதிகாலை மூன்று மணிக்குக் கல்லின் முன் உட்கார்ந்தால் விடியும்வரை குழவி உருளும். ஒவ்வொன்றையும் தனியாக அரைத்து, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று தட்டில் குவியலாக வைத்து, ஈரத்துணி மூடி, கூடையில் சுமந்து சந்தைக்குப் போவார்கள். இன்று மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் இருக்கும் இடம் அப்போது மீனும் காய்கறியும் விற்ற ஈரச்சந்தை. அதன் ஓரத்திலும் ஐந்தடிப் பாதைகளிலும் உட்காருவார்கள்.

வாங்க வருபவர் இக்கானா, டாகிங்கா, ஆயாமா என்று சொன்னால் போதும். எத்தனை பேருக்கு என்றும் சொல்ல வேண்டும். மீனுக்கு என்றால் மிளகாயும் மஞ்சளும் கூட, மல்லி குறைவு. மாட்டிறைச்சிக்கு என்றால் மல்லி, சோம்பு கூடுதல். நோன்யாக்களுக்கு லெங்குவாஸ், செராய் சேர்த்து அரைத்தது தனியாக இருக்கும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் வழித்தெடுத்து, வாழை இலையில் வைத்து, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார்கள். தராசு கிடையாது, கைதான் அளவு. நன்னிக்கு எழுதத் தெரியாது. ஆனால் எந்த வீட்டுக்கு எத்தனை பேர், யாருக்குக் காரம் ஆகாது, யார் வீட்டில் விருந்து என்பதெல்லாம் மனத்தில் இருக்கும். மலாய் நன்றாகப் பேசுவார், ஹொக்கியன் கொஞ்சம் பேசுவார். இரண்டையும் சந்தையில்தான் கற்றார். அவரைவிட இருபது ஆண்டு முன்னால் வந்த நன்னாவுக்கு ஹொக்கியன் கடைசிவரை வரவில்லை.

சிரமம் கொஞ்சமல்ல. மிளகாய் அரைத்த கை இரவெல்லாம் எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல் படுப்பார்களாம். மழை பெய்தால் வியாபாரம் இல்லை. குளிர்ப்பெட்டி இல்லாத காலம் என்பதால், மிஞ்சிய மசாலாவில் உப்புச் சேர்த்து வைத்து மறுநாள் பாதி விலைக்குத் தள்ள வேண்டும். உரிமம் இல்லாததால் அதிகாரிகள் வரும் சத்தம் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்தக் காசு எங்கே போனது

நான் வியாபாரி என்பதால் எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

நன்னியின் பழைய தகரப் பெட்டியில் சில சிட்டைகள் இருந்தன. மொத்தக் கடைக்காரர் எழுதியவை. மிளகாய் இத்தனை கட்டி, மல்லி இத்தனை கட்டி, பற்று, வரவு. அந்தக் கடைக்காரர் கடற்கரை ஊர்க்காரர். நன்னியை லாத்தா என்று அழைப்பாராம். காலையில் சரக்கைக் கடனாகக் கொடுப்பார், விற்றுவிட்டு மாலையில் பணம் கட்ட வேண்டும். வட்டி இல்லை, அடைமானம் இல்லை, கையெழுத்தும் இல்லை. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்களிடம் கடன் வாங்க ஈடு காட்ட வேண்டும். கூடை சுமக்கும் பெண்ணிடம் என்ன ஈடு இருக்கும்? இந்த ஒரு நாள் கடன்தான் அந்தப் பெண்களின் முதல். அதைக் கொடுத்தவர் தர்மம் செய்யவில்லை. அவருக்கு நாள் தவறாத வாடிக்கை கிடைத்தது. வராக்கடன் மிகக் குறைவு என்று அவர் பிற்காலத்தில் என் அத்தாவிடம் சொல்லியிருக்கிறார். நானும் இன்று கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறேன். ஆகவே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு வங்காள தேசத்தின் கிராமீன் வங்கி நினைவுக்கு வரலாம். பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் கடன் கொடுத்துத் தொடங்கிய திட்டம் அது. 2006இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அண்டை நாடான மலேசியாவில் 1987இல் அமானா இக்தியார் அதே வழியில் தொடங்கியது. இரண்டிலும் கடன் வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஈடு கேட்பதில்லை, சிறு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் முறை. தஞ்சோங் பகார் மாடிகளிலும் அப்படி ஒன்று இருந்தது. அதற்குக் கூட்டு என்று பெயர். பத்துப் பெண்கள் வாரம் ஐந்து வெள்ளி போடுவார்கள், குலுக்கல் விழுந்தவர் ஐம்பது வெள்ளியையும் எடுத்துக்கொள்வார். யார் வீட்டிலாவது பிரசவமோ மையத்தோ என்றால் குலுக்கல் இல்லாமல் அவருக்கே போகும். ஏமாற்றினால் மறுநாள் அதே அடுப்படியில் முகத்தில் விழிக்க வேண்டும், அதுதான் பிணை.

வந்த காசு அந்தத் தெருக்களுக்குள்ளேயே சுற்றியது. மிளகாய்க் காசு மொத்தக் கடைக்கு, வெங்காயக் காசு சீனர் கடைக்கு, இலைக் காசு வாழை இலை கொண்டுவந்த மலாய்க்காரருக்கு. மிஞ்சியது அரிசி, மீன், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், பள்ளிவாசல் சந்தா, ஊரில் இருக்கும் தாய்க்கு மணியார்டர். கொஞ்சம் சேர்ந்தால் ஒரு வளையல். பெரியத்தா உமறுப் புலவர் பள்ளியில் படித்தபோது போட்ட காலணி மசாலாக் காசில் வாங்கியது. இதை அவரே சொன்னார், எழுதச் சம்மதித்த பிறகு.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை 1971 முடிவதற்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. நன்னா அப்போது ராணுவக் கிடங்கு ஒன்றில் வேலையில் இருந்தார். அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை நீக்க அறிவிப்பு வந்தது. பலர் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்கள். நன்னாவும் கிளம்பத்தான் நினைத்தார். நன்னி போக மாட்டேன் என்றார். இரண்டு ஆண்டுக்கு மேல் குடும்பம் முழுக்க அம்மியில் ஓடியது. அந்தக் காலத்தில் அவர் கூடையோடு சேர்த்து மதியத்தில் வீடு வீடாகவும் போனார். நாங்கள் இன்று சிங்கப்பூரர்களாக இருப்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகள்தான் காரணம். ஆனால் எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதையில் நன்னா துறைமுகத்திலும் கிடங்கிலும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கடை வைத்தார் என்றுதான் வரும். பாடுபட்டார், அதில் சந்தேகமில்லை. சேர்த்த பணம் எங்கே இருந்தது என்று நான் கேட்டபோதுதான் பெரியத்தா மௌனமானார். இரண்டு சுற்றுக் கூட்டுப் பணமும் நான்கு வளையல்களுமே கடையின் முதல்.

பெயர்ப்பலகை

1971 முதல் 1986 வரை சிங்கப்பூரில் உணவங்காடி நிலையங்களும் சந்தைகளும் கட்டப்பட்டன. தெருவோர வியாபாரிகள் அனைவரும் உரிமத்தோடு கூரையின்கீழ் அமர்த்தப்பட்டார்கள். தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, கழிவுநீர் வசதி எல்லாம் வந்தன. நாட்டுக்குப் பெரிய நன்மை. 2020இல் நம் அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்கு அதுவே அடிப்படை. ஆனால் கூடையோடு இருந்த தொழில் கடையாக மாறியபோது உரிமம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு என்று தாள்கள் வந்தன. தாள்களில் ஆண்களின் பெயர் ஏறியது. யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. நன்னிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, நன்னாவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பம் எழுபதுகளில் தெலுக் பிளாங்காவில் வீவக வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அம்மியும் வந்தது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் குழவி உருண்டால் கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் கம்பால் தன் கூரையைத் தட்டுவார். ஆகவே மின் அரவை இயந்திரம் வாங்கிக் கடையின் பின்புறம் வைத்தார்கள். அதைப் பெரியத்தா இயக்கினார். கல்லில் அரைத்த காலமெல்லாம் அது பெண்கள் தொழில். மோட்டார் வந்த நாளிலிருந்து ஆண்கள் தொழிலாகிவிட்டது. இயந்திரத்துக்கு முதல் வேண்டும், முதல் கடையின் பெயரில் இருந்தது. நன்னி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். பழைய வாடிக்கையாளர்கள் வந்தால் "மக்சிக் எங்கே?" என்று கேட்டு அவரைக் கலக்கச் சொல்லி வாங்கிப் போவார்கள். வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் மசாலா சூடேறி மணம் குறையும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கச் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் இன்றும் அப்படித்தான் அரைக்கிறோம்.

கடைப் பலகையில் நன்னாவின் பெயரும் அதற்குப் பின் 'அண்ட் சன்ஸ்' என்பதும் எழுதப்பட்டன. நன்னிக்கு மூன்று மகள்களும் இருந்தார்கள்.

என்னை மிகவும் வருத்திய செய்தி என் அத்தை சொன்னது. மசாலா விற்ற நாட்களில் நன்னி ஒவ்வொரு ரமலானிலும் தன் ஜகாத்தைத் தானே கணக்கிட்டுக் கொடுப்பார். வளையல் எடையைத் தட்டான் கடையில் நிறுத்துப் பார்த்துவிட்டு வருவாராம். வளையல்கள் கடைக்கு முதலாகிப் போனபின், சதகா கொடுக்கக்கூட மகனிடம் கேட்டு வாங்கினார். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனாலும் கேட்க வேண்டியிருந்தது. ஒரு பெண் ஈட்டியது அவளுக்கே உரியது என்பது நம் மார்க்கம் தெளிவாக வைத்த சட்டம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் சொந்த முதலில் வணிகம் செய்ததையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னையாரின் சரக்கோடு சிரியா சென்றதையும் ஒவ்வொரு மீலாது மேடையிலும் பேசுகிறோம். நம் வீட்டுக் கூடையைப் பற்றிப் பேச மட்டும் நமக்குக் கூச்சம். கடற்கரை வணிகக் குடும்பங்கள் தங்கள் பெண்களைச் சந்தையில் உட்காரவைத்ததில்லை. வசதி வந்ததும் நாமும் அவர்களைப் போலத்தான் இருந்தோம் என்று காட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டோம். பெரியத்தாவின் கோபம் அங்கிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

நான் செய்த அதே தவறு

இவ்வளவும் பழங்கதை என்றால் சமையல் குறிப்புப் பக்கத்திலேயே விட்டுவிடலாம். அப்படி இல்லை.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியது. ரமலான் தொடங்கிய அதே நாட்களில் வீட்டிலிருந்து நடத்தும் உணவு வியாபாரங்களும் நிறுத்தப்பட்டன. மே 12ஆம் தேதிதான் மீண்டும் அனுமதி கிடைத்தது. நோன்புப் பெருநாளுக்கு அப்போது பன்னிரண்டு நாள் மட்டுமே இருந்தது. அந்த இடைப்பட்ட வாரங்களில் என் கடையில் மாவு, நெய், சர்க்கரை, முந்திரி விற்பனை படுத்துவிட்டது. அரிசியும் பருப்பும் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் என் வாடிக்கையாளர்களில் எத்தனை பெண்கள் வீட்டுக்கு வாங்குவதுபோல் வாங்கி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது. பெருநாள் பலகாரம், அன்னாசித் தார்ட், வட்டலப்பம், பிரியாணி, கேக். அவர்கள் நின்றதும் நானும் பாதி நின்றேன். மொத்தக் கடைக்காரரும் நன்னியும் இருந்த அதே உறவில் நான் இருந்திருக்கிறேன், தெரியாமலே.

அவர்களில் ஒருத்தி என் தங்கை. பல ஆண்டுகளாகப் பெருநாள் பலகாரம் செய்து விற்கிறாள். நல்ல கை, நிறைய ஆர்டர். வீவக விதிப்படி வீட்டில் சிறு வியாபாரம் செய்யலாம், ஆனால் அந்த வீட்டில் குடியிருக்காத ஆட்களை வேலைக்கு வைக்க முடியாது. பெரிதாக்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற சமையற்கூடத்தில் இடம் எடுக்க வேண்டும். அதற்காக ஒரு வங்கியில் சிறு கடன் கேட்டாள். வியாபாரத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் ஒன்றும் இல்லை. சரக்கெல்லாம் என் கடைக் கணக்கில் வாங்கியது. வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பியது என் கடை எண்ணுக்கு. டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டிலும் என் கடையின் பெயர், அதாவது நன்னாவின் பெயர். சுலபமாக இருக்கட்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவன் நான்தான். உதவி என்று நினைத்தேன்.

வங்கியைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவர்கள் தாளைப் பார்த்தார்கள், தாளில் என் தங்கை இல்லை.

அதன்பிறகு விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. சிங்கப்பூரில் ஒருவர் தன் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனியாக வியாபாரம் செய்தால், வியாபாரப் பெயரைப் பதிவு செய்யவே தேவையில்லை. சொந்தப் பெயரில் நடத்துவதுதான் எல்லாவற்றையும்விட எளிதான வழி. இத்தனை ஆண்டு என் பெயரைக் கடன் கொடுத்து அவளுக்கு நான் எதையும் மிச்சப்படுத்தவில்லை. இப்போது தனி வங்கிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம், டப்பாவில் அவள் பெயர். என் கடையில் அவளுக்கென்று தனிப் பற்று வரவு. கடன் பாக்கி வைத்தால் மற்றவர்களைப் போலவே அவளுக்கும் நினைவூட்டல் போகிறது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

சங்கத்திடம் கேட்டிருப்பது

நன்னியின் காலத்தில் தரையிலிருந்து கடைக்கு ஏறும் படியில் பெண்களின் பெயர் விடுபட்டது. இன்று வீட்டு அடுப்பிலிருந்து சமையற்கூடத்துக்குப் போகும் படியில் அதே இடம் வந்திருக்கிறது. அந்தப் படியில் சங்கம் நிற்க முடியும் என்று நம்பி, செயற்குழுவுக்கு எழுத்து மூலமாக இரண்டு கோரிக்கைகள் கொடுத்திருக்கிறேன். நம் சேமநல நிதியிலிருந்து ஒரு பகுதியைக் கர்ழன் ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாக, பெண்களுக்கு அவர்களின் சொந்தப் பெயரில் கொடுப்பது. ஐந்து பேர் ஒரு குழுவாகப் பொறுப்பேற்கட்டும், கணவரோ சகோதரரோ கையெழுத்திட வேண்டாம். மற்றொன்று, சங்கக் கட்டடத்தின் சமையலறை. ரமலானில் கஞ்சி காய்ச்சுகிறோம், சில விருந்துகள் நடக்கின்றன, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. அதற்கு முறையான உரிமம் பெற்று, நாள் கணக்கில் குறைந்த வாடகைக்கு விடலாம். உரிமச் செலவும் புகைபோக்கி மாற்றும் செலவும் உண்டு. தோராயக் கணக்கை இணைத்திருக்கிறேன். வியாபாரி என்பதால் கணக்கு இல்லாமல் பேசத் தெரியாது.

சென்ற பொதுக்கூட்டத்தில் இது பேசப்பட்டது. ஆதரித்தவர்கள் இருந்தார்கள். பெண்கள் பிரிவு ஏற்கெனவே இருக்கிறதே, அவர்கள் சமையல் போட்டி நடத்துகிறார்களே என்று ஒரு பெரியவர் கேட்டார். பெண்கள் பிரிவிலிருந்து ஒரு சகோதரி எழுந்து, போட்டியில் பரிசு வாங்கியவர்களில் யாருக்கெல்லாம் உரிமம் எடுக்க ஆசை என்று தன்னிடம் ஒரு பட்டியல் இருப்பதாகச் சொன்னார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கிடையில் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். தஞ்சோங் பகாரிலோ வேறு சந்தைகளிலோ மசாலா அரைத்து விற்ற நம் பெண்களின் பெயர்களை ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் என் கடைக்கு வந்தோ சங்க அலுவலகத்திலோ சொல்லுங்கள். எந்தச் சந்தை, எந்த ஆண்டுகள், யாரிடம் சரக்கு எடுத்தார்கள் என்பதும் தெரிந்தால் நல்லது. இன்னாரின் மனைவி என்று மட்டும் எழுதாமல் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு வாருங்கள். நன்னியின் பெயரை இந்த மலரில் அச்சிடப் பெரியத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. நோட்டில் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.